பத்து மீற்றர்

தம்பிலுவிலில் தார் முடிகிற இடத்திலிருந்து மூன்றாவது வளவு.
ஜெயவதனியின் பெயர் என் பேரேட்டில்
நாலு மாதமாகச் சிவப்பு மையில் நிற்கிறது.
பொருள்: இரண்டு பெட்டி, ஒரு பேஸ்,
நடுவில் நீல வெளிச்சம் சுழலும்.
விலை எண்பத்தாறாயிரம்.
கட்டியது முப்பத்தொன்று.
மீதி அவளுக்கு மனப்பாடம்.

நாங்கள் போகும்போது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.
கிழமை முழுக்க எல்லா ஓட்டோவிலும் போன பாட்டு.
பதினைந்து செக்கன்தான் எல்லாருக்கும் தெரியும்.
மலேசியாவில் ஒருத்தி அதற்குப் பொரியல் கிளறுகிறாள்,
கனடாவில் ஒருவன் பனி வழிக்கிறான்,
என் தங்கச்சி கண்ணாடிக்கு முன்னால்
தோளை மட்டும் ஆட்டுகிறாள்.
அதற்கு இரண்டாவது சரணம் ஒன்று இருப்பதை
இந்த வளவில்தான் அறிந்தேன்.
நல்லாத்தான் இருந்தது.

"மறுகா வாங்களன் தம்பி,
பத்தாந் திகதி சீட்டு எடுப்பன்."

மறுகா என்று எழுத
எங்கள் படிவத்தில் கூடு இல்லை.

இன்ஸாப் வயரைப் பிடுங்கினான்.
பாட்டு நிற்கவில்லை.
உள்ளே பற்றரி.
அதைச் சொல்லித்தானே விற்றேன்,
கரண்ட் வெட்டு நடந்த காலத்தில்,
அக்கரைப்பற்றுக் கடையில் விசிறி நின்ற மத்தியானம்:
"லைட் போனாலும் இது பாடும் அக்கா."
அப்போது அவள் சிரித்தாள்.
பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து
அதிர்வதைப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

தூக்கினேன்.
பாட்டு என் நெஞ்சில் இடித்துக்கொண்டு வந்தது.
போன் அவள் கையில்;
நிற்பாட்டவுமில்லை,
எங்களைப் பார்க்கவுமில்லை.
தேசிக்கன்று, கிணற்றுக்கட்டு, காயப்போட்ட பள்ளிச் சட்டை,
எல்லாவற்றையும் தாண்டிப் பாடிக்கொண்டே போனோம்
நானும் பெட்டியும்,
கலியாண வீட்டுக்காரரைப்போல.

வேலியடியில் அது திக்கியது.
ஒரு சொல்லின் பாதியை விழுங்கிற்று.
மறுகா வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில்
டிஸ்கனெக்டட் என்றது.

பத்து மீற்றர்.
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது சரி.

மோட்டார் சைக்கிளில் கயிறு கட்டுகையில்
திரும்பவும் பாட்டு.
கிறுகிப் பார்த்தால் அவள் மகன், கிதுஷன்,
தாயின் போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி
வேலிக்கு இந்தப் பக்கம்.
அழவில்லை. அவனுக்கு அது விளையாட்டு.
நாங்கள் மெல்ல உருட்டினோம், ஓடி வந்தான், பாடிற்று.
மணலில் கால் புதைந்து பின்தங்கினான், அறுந்தது.
மதகு மட்டும் அப்படியே,
அறுந்து, பிடித்து, அறுந்து.
இன்ஸாப் ஒன்றும் பேசாமல் கியரை மாற்றினான்.
பிரதான வீதியில் காற்று மட்டும்.

எத்தனை பேருக்கு என்னென்ன விற்றேன் என்று
திருக்கோவில் சந்தியிலிருந்து எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.
வாங்கியவர்களில் நானும் ஒருவன்:
கையிலிருக்கும் போனுக்கு இன்னும் எட்டுத் தவணை.
இரவு அதைத் திறந்தால்
முதலில் வந்தது இதே பெட்டிதான்,
இருபது வீதக் கழிவில்.
உங்களுக்குப் பிடிக்கக்கூடும், என்று.
யாரிடமும் சொல்லாததை
இது எப்படி மோந்து பிடிக்கிறது?
அதற்குக் கீழே அந்தப் பதினைந்து செக்கன்,
யாரோ ஒரு பூனை ஆடுகிறது.
இரண்டாவது சரணத்தைத் தேடினேன்.
தேடிக்கொண்டிருந்தவன்
மூன்று சப்பாத்தும் ஒரு மிக்சியும் பார்த்து முடித்தேன்.

காலையில் கடைக்குப் பின்னறை.
திரும்பி வந்த பெட்டிகள் பதினொன்று.
ஒன்றின் வலைக்குள் சோறு காய்ந்திருக்கிறது,
ஒன்றில் முருகன் ஸ்டிக்கர், ஒன்றில் பிறை.
படிவத்தில் கேட்கிறது:
பொருள் வேலை செய்கிறதா?

பொத்தானை அமத்தினேன்.
நீல வெளிச்சம் எழும்பிச் சுழன்றது.
பாட்டு வரவில்லை; ஆளைத் தேடியது.
சுற்றிச் சுற்றி,
மதகடியில் நிற்பவனைத் தேடுவதுபோல.

ஆம் என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடுமுன்
என் போனில் புளூடூத்தை நிற்பாட்டினேன்.